கடைசிப் பக்கம் அலுவலகத்துக்கு உரியது

சர்ர்ர்க்.

மருத்துவமனை அலுவலகத்தின் பாதிக் கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது சத்தம். சலவைப் பிரிவில் பதினெட்டு வருடம் இரவுப் பணி பார்த்தவன் நான். துணி கிழிந்தால் தூக்கத்தில்கூடத் தெரியும். இது துணி இல்லை. எட்டிப் பார்த்தேன். கிளார்க் அம்மா ஒரு புத்தகத்தின் மேல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கடைசிப் பக்கத்தை வெகு பதவிசாகக் கிழித்து எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகம் என்னுடையது. பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சொல்லி முந்தின நாள்தான் வாங்கி வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஊழியர்கள் செல்போனிலேயே விழுந்து கிடப்பதை மேலிடம் ஆழ்ந்த கவலையுடன் கவனத்தில் கொண்டது. இனி ஒவ்வொருவரும் மாதந்தோறும் தாம் படித்த அச்சுப் புத்தகங்களைப் பற்றி 'தன்விருப்ப வாசிப்புப் பகிர்வு அறிக்கை' தர வேண்டும். தன்விருப்பம் என்பதால், தராதவர்களிடம் மட்டும் விளக்கம் கேட்கப்படும். தாளின் மணம், தொட்டபோது உண்டான இன்பம், கண் கலங்கியதா (ஆம் / ஆம்) என்று படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள். முழுதும் படித்ததற்குச் சான்றாகக் கடைசிப் பக்கத்தை இணைக்க வேண்டும். முடித்தவருக்கு அது இனித் தேவைப்படாது என்பது மேலிடத்தின் மேலான கருத்து.

"அம்மா, நான் இருநூத்தித் தொண்ணூறாம் பக்கத்துலதான் இருக்கேன்! படிவத்துலயும் அப்படித்தானே எழுதினேன்?"

"பாதியில இருக்கறதுக்குக் கட்டம் இல்லண்ணா. பாவம்னு நானே முடிச்சிட்டதா போட்டுட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்ல மாட்டேங்கறீங்க."

கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவனின் கதை அது. சண்டை போட்டுக்கொண்டு போன மனைவி பதினோரு வருடம் கழித்துப் படகில் வருகிறாள். படகு கரையைத் தொட்டுவிட்டது. இறங்குவாளா, அப்படியே திரும்பிவிடுவாளா? நாலு நாளாய் இந்தக் கேள்வி என் பகல் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

கண்காணிப்பாளர் டீ டம்ளரோடு வந்தார்.

"சார், அந்தப் பக்கத்தை ஒரே ஒரு தடவை பார்த்துட்டுத் தந்துடறேன்."

"படிச்சாச்சா, படிக்கலையா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்போ அறிக்கை பொய். மெமோ தரணும்."

"சரி, படிச்சாச்சு சார்."

"அப்புறம் எதுக்குய்யா பக்கம்?"

"மறுபடி படிக்க, சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுபடி படித்தால் பிரிவின் சாதனையில் இன்னொரு புத்தகம் ஏறும் அல்லவா?

"குடும்மா. இங்கயே நின்னு படிக்கட்டும்."

கிழித்த பக்கங்களின் குவியலை அதற்குள் மின்விசிறி கலைத்துப் போட்டிருந்தது. கைக்கு வந்ததை எடுத்து நீட்டினார் கிளார்க் அம்மா. சத்தமாகவே படித்தேன்.

"எல்லாத் திருகுகளையும் இறுக்கிய பின், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கவும். சத்தம் வந்தால் பதற வேண்டாம். மறுபடி கழற்றி, எண்ணெய் விட்டு, முதலிலிருந்து தொடங்கவும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளக்கைச் சுழற்றும் சக்கரத்தைச் சொல்வதுபோல் ஒரு தாம்பத்தியத்தையே சொல்லி முடித்துவிட்டானே!

"எங்க வீட்டுக்காரர் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?" என்று கண்ணைத் துடைத்தார் கிளார்க் அம்மா.

கண்காணிப்பாளரின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. என் காதருகே வந்து, "பக்க எண்ணைப் பாருய்யா" என்றார்.

இருபத்தெட்டு. தையல் மெஷின் கையேடு. அந்த மாதம் அவர் படித்த முப்பத்தொன்றாவது புத்தகம். படிவத்தில் 'நாவல்' என்றும், கண் கலங்கியதற்கு 'ஆம்' என்றும் எழுதியிருந்தார்.

"வெளியில சொல்லிடாதய்யா."

"பொய்யா எழுதியிருந்தாத்தானே சார் சொல்லணும்? எனக்கே கலங்கிடுச்சே."

கிளார்க் அம்மா தேடிப் பிடித்து என் பக்கத்தைக் கொடுத்தார். முந்நூற்று நாற்பத்து நாலு. அதையும் சத்தமாகவே படித்தேன். அவள் இறங்கினாள். அவன் கையை நீட்டினான். சூரியன் உதித்தது. முற்றும்.

"மத்தது அளவுக்கு இல்லண்ணா" என்றார் கிளார்க் அம்மா.

"சார், இதைக் கோப்புல வச்சுக்குங்க. எனக்கு அந்த இருபத்தெட்டைத் தந்துடுங்க."

"முடியாதுய்யா." பக்கத்தைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டார். டீயைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே உதடு அசையப் படிக்க ஆரம்பித்தார். அந்த மாதத்தில் அவர் படித்த முதல் பக்கம் அதுதான்.

பணி முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கீழே போய், மீதியிருந்த படுக்கை விரிப்புகளில் ஒன்றை உதறி, நுனியோடு நுனி சேர்த்து மடிக்கத் தொடங்கினேன்.