மூன்றாம் படி வரை ஏற அனுமதி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நிமிர்ந்து நிற்கிறோம். அங்கும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நேற்று முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, எங்கள் பழைய புத்தகக் கடையின் ஏணியில் மூன்றாம் படி வரை நான் ஏறுவது என்று தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்துக்கு நான் ஒருவனே வந்திருந்ததால் எதிர்ப்பு எழவில்லை.

எனக்கு முடக்குவாதம் வந்த செய்தி கேட்டு இரண்டு வருடங்களுக்கு முன் நீங்கள் எழுதிய கடிதம் நினைவிருக்கும். "மாத்திரை தின்பவன் எலும்பு பிஸ்கட், ஏணிப் பக்கமே போகக் கூடாது. நம் குடும்பத்தில் யாரும் மாத்திரை தொட்டதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரியான நீங்கள் ஏணியைப் பற்றிச் சொன்னால் அப்பீல் ஏது? உங்கள் தங்கை அன்றே ஏணியைச் சங்கிலியால் கட்டிப் பூட்டினாள். பிறகு அவள்தான் ஏறினாள். "இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று கீழிருந்து சொல்வது என் உத்தியோகமாயிற்று. முப்பத்தொரு வருடம் கடை நடத்தியவன் சொந்த மேல்தட்டை அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளினேன்.

நீங்கள் சொன்னதில் கால்வாசி உண்மை, தொல்லையே அதனால்தான். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, நாள்பட்டால் எலும்பையும் அரிக்கும். ஆனால் நீங்கள் எல்லா மாத்திரைகளையும் ஒரே கூண்டில் ஏற்றினீர்கள். உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அனைத்தையும் நிறுத்தினேன். நான்காம் நாள் சட்டைப் பொத்தானைப் போட எனக்கு ஆள் தேவைப்பட்டது. டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"மச்சினரை."

"அவர் டாக்டரா?"

"தீயணைப்புல இருந்தவருங்க."

"அவர் தீயை அணைக்கட்டும். ஸ்டீராய்டைத் திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து, தெரியுமா? வீக்கத்தை அப்படியே விட்டாலும் எலும்பு தேயும்."

பிறகு விசாரணை முறைப்படி நடந்தது. வாரம் ஒருமுறை விழுங்கும் வாத மாத்திரை குற்றமற்றது என விடுதலையானது. ஸ்டீராய்டு எட்டு மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. தலைசுற்ற வைத்த தூக்க மாத்திரையையும் நிறுத்தினார்கள். "உடையறதுக்கு எலும்பு மட்டும் போதாதுங்க, முதல்ல விழணும்" என்றார் டாக்டரம்மா. எலும்புக்கென்று தனியாக ஒரு மாத்திரை வந்தது. ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. உட்காரலாம் என்றார்கள், நான் எதற்கும் இருக்கட்டும் என்று சன்னலோரம் நின்றேன். எதிர்வீட்டுத் தையற்காரர் எட்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், இந்த வாரமும் வீட்டம்மா நிக்க வச்சுட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

போன வெள்ளிக்கிழமை எலும்பின் அடர்த்தியை அளக்கும் இயந்திரத்தில் படுத்தேன். நேற்று காலை முடிவு வந்தது. முதுகெலும்பு தேயவில்லை, சற்று கூடியே இருக்கிறது! டாக்டரம்மாவிடம் ஏணியைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். "மூணு படி. ஒருத்தர் கீழே பிடிச்சுக்கணும்" என்றார்.

நேராகக் கடைக்கு வந்தோம். உங்கள் தங்கை பூட்டைத் திறந்தாள். "விழுந்தீங்கன்னா அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்றபடியே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏறினேன். ஒரு கால்நடை மருத்துவர் ஆறு மாதமாகக் கேட்டும், கீழிருந்து நான் எவ்வளவு சொல்லியும் உங்கள் தங்கைக்கு அகப்படாத தாவரவியல் இரண்டாம் தொகுதியை என் கையாலேயே எடுத்தேன். இரண்டு வருடத் தூசி என் தலையில் விழுந்தது. எந்த எலும்பும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கவே மனமில்லை, உங்கள் தங்கைக்குக் கை வலித்ததால் இறங்கினேன்.

தங்கள் உடல்நலம் கோரும், தங்களைவிட மூன்று படி உயர்ந்த,
தங்கை கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் இன்னொரு முடிவு வந்தது. வெள்ளிக்கிழமை எனக்குத் துணையாக வந்த உங்கள் தங்கையையும், இயந்திரம் சும்மாதானே இருக்கிறது என்று படுக்க வைத்திருந்தார்கள். எலும்புத் தேய்மானம் அவளுக்குத்தான். ஏணி ஏறவோ பிடிக்கவோ கூடாது என்று உத்தரவு. பிடிக்க ஆளில்லாததால் எனக்கும் அனுமதி இல்லை. இது குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால் அண்ணனையும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. வியாழன் காலை பத்தரைக்கு உங்கள் பெயரைப் பதிந்திருக்கிறேன்.