என் தாடியும் உங்கள் மகளின் படிகமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், என் மரியாதை ஒன்றைத் தவிர. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பெண்ணை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஹாயாக இருப்பவர்களுக்கு என்ன குறை? நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவரை ஊரார் புகாரையெல்லாம் தட்டச்சு செய்தவன் நான். இன்று என் புகாரை நானே எழுத வேண்டியதாகிவிட்டது. எதிராளி உங்கள் மகள்.

அவள் மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறாள் என்று உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ, எனக்குச் சாப்பாட்டு மேஜையில் தவணை முறையில்தான் விளங்கியது. கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் கிருமி தொற்றினால் போடுகிற ஆன்டிபயாடிக் ஊசி ஒன்று. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அந்த மருந்து உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, பிசினாகக் குழைந்து, மஞ்சளாகி, வீரியம் போய்விடுகிறது. குளிர்பெட்டி இல்லாத சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வீண். அதையே ஈரம் அண்டாத கெட்டிப் படிகமாக உறைய வைப்பதுதான் உங்கள் மகளின் வேலை. "மருந்தோட மூலக்கூறெல்லாம் அதே ஆளுங்கதான் மாமா, நெருக்கமா வரிசையா உக்காரணும். நடுவுல இடம் விட்டா தண்ணி வந்து உக்காந்துக்கும்" என்றாள். எனக்குக் கோர்ட்டு வராந்தா ஞாபகம் வந்தது.

ஆட்கள் உட்கார மறுத்தார்கள். ஒரு வருஷமாக இதே பாடு. வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் "மூடுங்க, மூடுங்க" என்று ஓடி வருகிறாள். என் இருமல் மாத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறாள். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "ஆல்கஹால் கொஞ்சம் அதிகமாப் போச்சோ" என்று முணுமுணுத்தாள். என் மகன் முகம் வெளுத்துப் போய் என்னைப் பார்த்தான். நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மருந்தைக் கரைக்க ஊற்றுகிற ஆல்கஹாலாம், பிறகுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் ஊழியர்களின் குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் ஒதுக்கினார்கள். தலைக்கு உறை, காலுக்கு உறை, வாய்க்கு உறை எல்லாம் மாட்டிவிட்டார்கள். தாடிக்கு உறை தீர்ந்துபோயிற்று. பணி ஓய்வு பெற்ற மறுநாள் தொடங்கி நான் ஆசை ஆசையாக வளர்த்த தாடி, உங்களுக்குத்தான் தெரியுமே, நெஞ்சைத் தொடும். உங்கள் மகளின் மேஜையில் ஒரு திறந்த குடுவை, உள்ளே மருந்தைக் கரைத்த தெளிந்த திரவம். குனிந்து பார்த்தேன். யோசனை வந்தால் தாடியை நீவுவது என் வழக்கம், நீவினேன். "மாமா, தள்ளி நில்லுங்க!" என்று அலறினாள். மறுநாள் காலையில் பார்த்தால் குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிகம். ஈரக்காற்று நிரப்பிய பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள், அது அசைந்து கொடுக்கவில்லை.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. படிகம் உறைய ஒரு தூசி விழுந்தால் போதுமாம், அதைப் பிடித்துக்கொண்டு மிச்சமெல்லாம் வரிசை கட்டிவிடுமாம். அதனால் தாடிக்காரர்கள் கைராசிக்காரர்கள் என்று அவர்கள் கூடத்தில் ஒரு பேச்சு. கூடத்தின் தலைவருக்குத் தலையிலும் முடியில்லை, முகத்திலும் இல்லை. அவரே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெருவில் யார் எதிரே வந்தாலும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். முடிதிருத்தும் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இதைப் பொறுக்கவில்லை உங்கள் மகளுக்கு. "கோவிச்சுக்காதீங்க மாமா. உங்க தாடியை நம்பி ஊருக்கெல்லாம் மருந்து செய்ய முடியாது. ஏன் வந்துச்சுன்னு தெரியணும்" என்றாள். உட்கார்ந்து யோசித்தாள். வழக்கமாகக் கொதிக்கிற திரவத்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். அன்று கூட்டம் வருகிறதென்று கலக்கும் கருவியை நிறுத்தி, பனிக்கட்டித் தொட்டியையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். குடுவை தன்பாட்டுக்கு மெல்ல மெல்ல ஆறியிருக்கிறது. உடனே ஒரு காகிதத்தை நீட்டி என் தாடியைச் சீவச் சொன்னாள். பக்கத்து வீட்டு நாயையும் சீவினாள். ஒரு குடுவையில் என் தாடித் தூசி, ஒன்றில் நாயின் தூசி, ஒன்றில் எதுவுமில்லை. மூன்றையும் மெல்ல ஆறவிட்டாள். மூன்றிலும் படிகம் வந்தது, சம்பந்தி. என்னையும் அந்த நாயையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாள்.

அவமானம்தான். ஆனால் எழுத்தர் பொய் எழுதக் கூடாது, ஆகவே இதையும் எழுதுகிறேன்: அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மடியில் வந்து விழுந்த அதிர்ஷ்டத்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, காரணம் என்ன என்று கேட்கிற பிள்ளையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

தலைவர்தான் விடவில்லை. "வீட்டுல அந்தத் தாடி இருக்கிற வரைக்கும் எதும்மா வெறும் குடுவை? உன் காலர்லயே நாலு முடி இருக்கு" என்றாராம். வருகிற வாரம் மேலிடத்தார் முன்னிலையில், புது அறையில், புதுக் குடுவையில் செய்து காட்ட வேண்டும். அப்போதும் சந்தேகம் மிஞ்சினால் வேலையை இழுத்து மூடிவிடுவார்கள். என் மகன் வந்து, "அப்பா, எடுத்துடுங்களேன்" என்கிறான். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாமா ஆசையா வளர்த்தது, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே உங்களிடம் என் முறையீடு: தாடியில் கை வைக்க விடமாட்டேன். அறிக்கையில் அதற்கு நன்றி சொல்லி ஒரு வரி போடும்படி உங்கள் மகளுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி தீர்ந்து, நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கள் சம்பந்தி (தாடியுடன்)

பி.கு.: இதைத் தபாலில் போடாமலே ஒரு வாரம் ஓடிவிட்டது. எழுதி முடித்த மறுநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் நின்று தன் சட்டையிலிருந்து ஒவ்வொரு முடியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், நான் வருத்தப்படுவேனென்று கையை மறைத்துக்கொண்டாள். நேரே முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர், "நிஜமாவா சார்?" என்று மூன்று தடவை கேட்டார். அன்று மாலைதான் வீடு திரும்பினேன். கதவைத் திறந்த உங்கள் மகள், "யாருங்க வேணும்?" என்றாள். அப்புறம் குரலை வைத்துக் கண்டுபிடித்து ஓவென்று அழுதாள். நானும்தான். பிறகு துணிமணியெல்லாம் துவைத்து, வீட்டை மூலை முடுக்கெல்லாம் துடைத்தோம். இன்று புதுக் குடுவையில் படிகம் வந்துவிட்டது. தாடியுமில்லை, நாயுமில்லை, எல்லாம் உங்கள் மகளின் கைவேலை. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் பி.கு.வை மட்டும் சம்பந்தியம்மாளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.