ஏரி கேட்ட மழை

"உன்னைப் பிடிக்கும்" என்று என் வாயால் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று எங்க வீட்டுக்காரர் சபதம் போட்டுவிட்டார்.

கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, அதுவும் நடக்க ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் சொல்லவில்லை. கூச்சம். கோழியை விரட்டக்கூட எனக்குச் சத்தம் வராது.

அவருக்குப் பாட்டு கொட்டும். ட்ராக்டர் ஓட்டிக்கொண்டே கட்டுவார். எல்லாமே ஏங்குகிற பாட்டு. அவர் காய்ந்த ஏரி, நான் மேகம்.

"மேகமே மேகமே,
உத்திரமேரூர் ஏரி வெடிச்சுக் கெடக்க
வாலாஜாபாத்துல போய்ப் பெய்யறியே!"

கேட்டால் எனக்கே அந்த மேகத்தின்மேல் கோபம் வரும். அப்படி ஒரு குரல். அதையும் அவரிடம் சொன்னதில்லை.

"வர்ற மாசம் உன் தம்பி கல்யாணத்துல மைக்குல பாடப்போறேன். உன் பேரப் போட்டு."

"அய்யோ மாமா, மானம் பூடும்!"

"அப்ப சொல்லு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன்.

"பாத்தியா? மேகம் தாண்டிக்கினு போவுது!"

யோசித்தேன். "மைக்குக்கு முன்னாடி எங்க ஊரு நடவுல ஒரு தபா பாடிப் பாரேன் மாமா. அத்தினி பேரு கேப்பாங்க."

முகம் பூரித்துவிட்டது. அவர் ஏனாத்தூர்க்காரர். எங்க ஊர் நடவு வழக்கம் தெரியாது.

மறுநாள் ட்ராக்டரில் சேடை ஓட்டி, கழனியைச் சேறாக்கி முடித்து, வரப்பில் நின்று பாடினார். நாற்று நட்ட கையெல்லாம் நின்றுவிட்டது. நடவு வரிசைக்கு மூத்தவள் சிட்டம்மாள் அத்தை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"நல்லாத்தான் கீது நைனா. ஆனா நடவப் பாத்து ஆம்பள பாட்டுப் போட்டா, நாங்க பதிலுக்கு ஒண்ணு போடுவோம். நீ திருப்பிப் போடணும். முடியலன்னா எறங்கி நாத்து சொமக்கணும். அறுப்பு வரைக்கும் எங்கியும் பாடக்கூடாது."

"போடுங்க அத்தை! யாரு பாடறது?"

நானும் அந்த வரிசையில்தான் நட்டுக்கொண்டிருந்தேன். குனிந்து நடும்போது முகம் யாருக்கும் தெரியாது. கூச்சமும் சேற்றோடு போய்விடும். எடுத்துவிட்டேன்:

"தூறலுக்கே கரை ஒடஞ்சி ஊரெல்லாம் ஓடுன ஏரியே,
கொட்டித் தீத்தா எங்க புடிப்ப?
பயிரு அழுகாம, பதம் பாத்துப் பாத்துப்
பெய்யறவ நாந்தானே!"

பெண் பார்க்க வந்த அன்று நான் லேசாகச் சிரித்ததை ஏனாத்தூர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர். அது எங்க வரிசைக்கே தெரியும். கழனி குலுங்கிச் சிரித்தது.

"யாரு... சுகிர்தாவா?" என்றார். "மேகமே..." என்று தொடங்கிப் பார்த்தார். அடுத்த அடி வரவில்லை.

"இன்னா நைனா, அதுக்குள்ள ஏரி வத்திப்போச்சா?"

லுங்கியை மடித்துக் கட்டி இறங்கினார். கடைசிப் பாத்தி முடியும்வரை நாற்றுக்கட்டு சுமந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தோத்துட்டேன். கல்யாணத்துல பாட மாட்டேன். இப்பவாவது ஒரு வார்த்த சொல்லேன் சுகி."

"அத்தினி பேரு எதிர்ல பாடியே சொல்லிட்டேன் மாமா. பதில் சொல்லாம நாத்து தூக்கப் போனது நீதான்."