டாலா மண்ணும் ஒரு சிட்டிகைத் திருநீறும்

1926ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை. காலையில் சிறு தூறல். பத்து மணிக்குமேல் வெயில் ஏறி, ரங்கூன் நகரம் இட்லிப்பானைபோல் புழுங்கிற்று. அன்றுதான் மண் பரிசோதனை நிலையத்தின் தலைவர் டாக்டர் ஓட்டோ கிளைன்ஷ்மிட் ஓர் உண்மையைக் கண்டருளினார்: ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலா மண்ணில் சாம்பற்சத்து உலகிலேயே மிகுதி!

டாக்டர், சர்க்கரைக்கிழங்கின் இலை ஏன் மஞ்சளாகிறது என்று ஜெர்மனியில் நானூறு பக்கம் எழுதிப் பட்டம் பெற்றவர். இலை மஞ்சளாவது நிற்கவில்லை, பட்டம் நிலைத்தது. பின்னர் இரண்டு நாடுகளில் இரண்டு பதவிகள், மூன்றாவது ரங்கூன். வயலில் அவர் கால் வைத்ததில்லை. மண்தான் சீசாவில் ஏறி அவரைத் தேடி வரும்.

சீசா கழுவும் சபாபதிக்கு மட்டும் அந்தச் சத்தின் மூலம் தெரியும். ஆயுதபூசையன்று தராசுக்கும் குடுவைக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டவன், மேசையிலிருந்த டாலா மண்ணைச் சும்மா விட மனமின்றிச் சீசாவுக்கு ஒரு சிட்டிகை திருநீறும் போட்டிருந்தான். சொந்த ஊரான டாலாவின்மேல் பாசம்; திருநீறும் அவ்வூர்ச் சாணம் சுட்டதே. சிட்டிகை சற்றுப் பெரிது.

வாரம் திரும்புமுன் ஆணை பிறந்தது: “சத்து நிறைந்த டாலா நிலத்தில் சாம்பல் இடுவது விஞ்ஞானத்தை அவமதிப்பதாகும்.” நெல் ஆலைச் சாம்பல் ஏற்றிவந்த சம்பான் படகுகளைக் காவலர் திருப்பி அனுப்பினர்.

“நம்ம கத்தரித் தோட்டம் போச்சு. நீங்க செஞ்ச கூத்தை நீங்களே போய்ச் சொல்லுங்க,” என்றாள் மனைவி பவுனம்மாள்.

“சொன்னா வேலை போயிடும், பவுனு.”

“சொல்லாட்டி சோறு போயிடும்.”

சபாபதி தலைமை எழுத்தர் ரஹ்மத்துல்லாவிடம் போய் நின்றான்.

“பாய், அது மண்ணோட சத்து இல்ல. நான் போட்ட திருநீறு.”

“எந்த ஃபைல்ல போட்ட?”

“சீசாவில போட்டேன், பாய்.”

“ஃபைல்ல இல்லாதது சீசாவில எப்படிப்பா இருக்கும்? அறிக்கை அச்சாயிடுச்சு. உன் உண்மை லேட்டு.”

ஆயினும் இரக்கங்கொண்டு டாக்டரிடம் அழைத்துச் சென்றார். டாக்டர் திருநீற்றைச் சோதித்தார், துள்ளிக் குதித்தார். ரஹ்மத்துல்லா மொழிபெயர்த்தார்:

“துரை சொல்றாரு: இந்தச் சாம்பல் டாலாச் சாணி. சாணி போட்ட மாடு தின்னது டாலாப் புல்லு. புல்லு முளைச்சது டாலா மண்ணு. ஆக, சத்து மண்ணோடதுதான்! நீதான் சாட்சி.”

“அப்போ தோட்டத்துக்குச் சாம்பல் போடலாமா?”

“கூடாது. இருக்கிற இடத்துக்கே எதுக்குக் கொண்டுபோறே?”

முடிவு மாறலாகாது என்பதற்காக, இனி ஒவ்வொரு டாலாச் சீசாவுக்கும் ஒரு சிட்டிகை இடவேண்டும் என விதி செய்யப்பட்டது. சபாபதி இரசாயன உதவியாளனாக உயர்த்தப்பட்டான். அன்று முதல் அவனும் அந்த உண்மையை எவரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் நடந்தவை இவை. டாலா மண்ணில்லாத ரோஜாத்தொட்டி நாகரிகமற்றது என்று ரங்கூன் பெரிய வீடுகள் தீர்மானித்தன. போட்டாதாங் துறையில் மண் கூடைகூடையாக வந்திறங்கிற்று. ரோஜாக்கள் பட்டுப்போயின, மண்ணைக் குறைகூற எவரும் துணியாமல் தொட்டிகளை மாற்றினர். டாக்டர் கிளைன்ஷ்மிட் 1928இல் இதனினும் பெரிய பதவியேற்று ஜாவாவுக்குக் கப்பலேறினார். சாம்பலின்றிக் காய்க்காத தோட்டத்தின் மண்ணைப் பவுனம்மாள் வெட்டி விற்றாள். தோட்டம் இடுப்பளவு ஆழக் குளமாயிற்று. அவள் இன்சீன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாள். அதுவும், டாலாக் காய்தானா என்று இருமுறை கேட்ட பிறகே வாங்கினாள்.