நீலக்காளானுக்குக் குடை பிடித்த கதை

அரைகுறைப் படிப்பைப் போல ஆபத்தானது உலகத்தில் எதுவும் இல்லை. ஒன்றும் தெரியாதவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். முழுக்கத் தெரிந்தவளும் அப்படியே. நடுவில் நிற்பவள்தான் ஊரைக் கூட்டுவாள். நான் கூட்டினேன்.

தாவரவியலில் எம்.ஃபில். பாதியில் நிற்க, கல்யாணமாகி ஓடைப்பட்டிக்கு வந்திருந்தேன். புகுந்த வீட்டுக்குத் திராட்சைத் தோட்டம். மறுபடி கல்லூரிக்குப் போகட்டுமா என்று கேட்டாலே என் மாமியார், "படிச்சுக் கிழிச்சது போதும் ஆத்தா, பந்தலுக்கு ஆளு பத்தல" என்பார். (பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். படிப்பார்.)

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், பந்தல் ஓரத்துப் புல்லில் பார்த்தேன். நீலக்காளான்! புல்வெளியில் முளைக்கும் நீலக்காளான் எத்தனை அபூர்வம் என்று படித்திருக்கிறேன். என் எம்.ஃபில். பட்டமே புல்லில் முளைத்துவிட்டதாக நினைத்து மாமனாரிடம் ஓடினேன்.

"ஒங்க டீச்சரம்மாவ வரச்சொல்லு. அவுக ஆமான்னுட்டா, நாளைக்கே நீ காலேசுக்குக் கெளம்பு" என்றார் மாமா.

போன் போட்டேன். உத்தமபாளையத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வருவதாகச் சொன்னார் என் பேராசிரியை. அதுவரை காளானுக்கு நானே காவல். ஆடுகளை விரட்டினேன். தூறல் படாமல் அத்தையின் குடையை விரித்துக் கட்டினேன். (காளானுக்கே குடை பிடித்தவள் நான் ஒருத்திதான்.) பக்கத்துத் தோட்டத்து அக்கா சூடத்தோடு கும்பிட வந்துவிட்டார். இந்த அமர்க்களத்துக்கு நடுவே, நீலக்கறை படிந்த என் கணவரின் சட்டையை, அவரைத் திட்டித் திட்டித் துவைத்துப் போட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அத்தை கேசரி கிண்டினார். பேராசிரியை வந்து புல்லில் குந்தி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் ஒரு துடை. நீலம் கைக்குட்டைக்குப் போய்விட்டது. மிச்சம் நின்றது சாதாரண வெள்ளைக்காளான்.

"இங்க என்ன மருந்து அடிச்சீங்க?"

என் கணவர் தலையைச் சொறிந்தார். "மயில்துத்தமும் சுண்ணாம்பும் மேடம். பந்தலுக்கு அடிச்சது போக மிச்சத்த அங்கன புல்லுலதான் ஊத்துனேன்."

மானம் கப்பலேறியதுகூடப் பரவாயில்லை, கல்லூரி போச்சே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கேசரிக் கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"டீச்சரம்மா, இந்தப் புள்ளைய இப்பிடி அரைகுறையா வீட்டுல வச்சிருந்தா தெனம் ஒரு கூத்து நடக்கும். கையோட கூட்டிட்டுப் போயி முழுசாப் படிக்க வச்சு அனுப்புங்க!"

போனேன், படித்தேன், முடித்தேன். இன்று நானும் கல்லூரியில்தான் பாடம் எடுக்கிறேன். என்ன பிரயோசனம்? போன வாரம் என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. போட்டோவை நீட்டி, "பையன் சொக்கத் தங்கம்னு சொல்றாக அத்தை" என்றேன்.

அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொடச்சுப் பாத்தியா ஆத்தா?"