மக்னோலியா மொட்டுத் திருடன்

"இன்னைக்கும் மொட்டைக் காணோம்!" காவ் ஷௌரென் முற்றத்தில் நின்று கத்தினார்.

இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்ற மக்னோலியா மரம், நட்ட நாளிலிருந்து முதல்முறையாக மொட்டு விட்டிருந்தது. பூத்ததும் பார்க்க வரச் சொல்லி சூச்சோ நகரில் பாதிப் பேரை அழைத்தாயிற்று. இப்போது மொட்டுகள் ஒவ்வொன்றாக மாயமாகின்றன.

"குருவி கொத்தியிருக்கும். விடுங்க," என்றாள் மனைவி யூலிங், மாவைப் பிசைந்தபடி.

குருவியை விரட்டக் கிளைதோறும் பாத்திர மூடிகளைக் கட்டினார் காவ். காற்றடித்தபோதெல்லாம் தெருவே அதிர்ந்தது. அவரோடு தினமும் சதுரங்கம் ஆடும் பக்கத்து வீட்டுக்காரர் தான் போ என்பவர், காதில் பஞ்சோடு வந்தார்.

"யோவ், மரம் வளர்க்கிறியா, மணிக்கூண்டு கட்டுறியா? கழட்டுய்யா!"

"ஏன், மூடி இருந்தா பறிக்கச் சிரமமா இருக்கோ?"

"என்னய்யா உளர்றே?"

"வயித்தெரிச்சல்ல என் மொட்டைத் திருடுறவன் நீதான்!"

தெரு கூடி வேடிக்கை பார்த்தது. தான் போவின் காது சிவந்தது.

"இனிமே உன் வீட்டுப் படி மிதிச்சா என்னைச் செருப்பால அடி!"

அன்று மாலை காவ் இரண்டு பக்கத்துக்கும் தானே காய் நகர்த்தி, தோற்றுப் போனார்.

மொட்டுகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில், யாரிடமும் சொல்லாமல், காரமான மிளகாயைக் கரைத்து மரம் முழுக்கத் தெளித்தார்.

இரண்டு நாள் கழித்து தான் போ வெளிவாசலில் நின்றார். படி மிதிக்கவில்லை. கையில் ஒரு பை.

"இந்தா, என்கிட்ட இருந்த உன் சதுரங்கக் காய். நம்ம சகவாசம் இதோட முடிஞ்சுது."

காவ் அந்தப் பையைத் தொடவில்லை. யூலிங் தினமும் கொடுக்கும் குறட்டைக் கஷாயக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவரை முறைத்தார்.

"மரத்துல மிளகாய் அடிச்சிருக்கேன்யா. திருடினவன் வாய் வெந்து தெருவுல ஓடுவான், பாரு!"

சொல்லிவிட்டு ஒரே மடக்கில் குடித்தார்.

கண் பிதுங்கியது. கிண்ணம் பறந்தது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தான் போவையும் தள்ளிவிட்டுத் தெருக்குழாயை நோக்கி ஓடினார்.

சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, மாமாவோட குறட்டைக்கு நீங்க பறிக்கிற மொட்டைக் கழுவிட்டுக் கொதிக்க வைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"