தின்று பார்த்த வைத்தியர்

திண்டுக்கல்லில் வைத்தியரை நம்பி மருந்து தின்றவர்கள் ஏராளம். தன் மருந்தைத் தானே நம்பாத வைத்தியர், எனக்குத் தெரிந்து, ஒருவர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய மருந்துக்கடை இருந்தது. அடுத்த கதவு நான் வேலை பார்த்த அச்சகம். அவருடைய மருந்துச் சீட்டுகளை நான்தான் அச்சுக் கோப்பேன். மற்ற வைத்தியர்கள் ‘கைகண்ட மருந்து’ என்று போடச் சொல்வார்கள். இவர் ‘வைத்தியர் தின்று பார்த்தது’ என்று போடச் சொன்னார். தெருவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

எதை இடித்தாலும், எதைக் கிண்டினாலும், முதல் உருண்டை அவர் வாய்க்குள்தான் போகும். காலையில் விழுங்கிவிட்டுக் கடை பெஞ்சில் நீட்டிப் படுப்பார். வாங்க வந்தவர்கள் வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் வரை ஒன்றும் ஆகவில்லை என்றால் எழுந்து வியாபாரத்தைத் தொடங்குவார்.

“மத்த வீட்டு ஆம்பளைக காலையில காப்பி குடிக்கிறாக. எங்க வீட்ல பேதி மருந்து” என்பார் அவர் மனைவி.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க ஒரு சூரணம் செய்தார். அதையும் தின்றார். தெருவே வந்து விசாரித்தது. அவர் சிரிக்கவில்லை. “ஒடம்புக்குக் கெடுதல் பண்ணல. எனக்குத் தெரிய வேண்டியது அம்புட்டுத்தான்” என்றார்.

ஒரு ஐப்பசியில் மூட்டுவலிக்கு உருண்டை செய்தார். அதில் கண்வலிக் கிழங்கு சேரும். அது விஷக் கிழங்கு. மோரில் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி, திரும்பத் திரும்ப அப்படிச் செய்து விஷத்தை முறித்த பிறகுதான் மருந்தாகும். வழக்கம்போல் காலையில் ஒன்றை விழுங்கிப் படுத்தார். மத்தியானம் சௌக்கியமாக எழுந்தார். அந்த நேரத்தில் பூச்சந்தையில் மல்லிகையைப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தார். சாணார்பட்டிப் பக்கத்துப் பூக்காட்டுக்காரர்; முழங்கால் வலி. ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு தின்னச் சொல்லி அவருக்கு வைத்தியர் உருண்டைகளைக் கட்டிக்கொடுத்தார். அந்தப் பெண் பஸ் ஏறிவிட்டார். அன்று அந்த உருண்டையை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் அச்சகத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் வாந்தி எடுத்தார். தொண்டை எரிகிறது என்றார். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

“சாணார்பட்டிக்கு வா” என்றார்.

“நான் போய்ச் சொல்லிட்டு வாரேண்ணே. நீங்க படுங்க.”

“ஒனக்கு அந்தம்மா மொகம் தெரியாது அப்பு.”

பஸ்ஸில் வழிநெடுக அவர் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. கண்டக்டர் எங்களைக் கீழே இறக்கப் பார்த்தார்.

“ஒடம்பு முடியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானய்யா?”

“அங்க போனா என்னையப் படுக்கப் போட்டுருவாக தம்பி. செத்த நேரம் பொறுங்க.”

சாணார்பட்டியில் இறங்கி, முழங்கால் வலிக்கிற பூக்காரம்மா வீடு எது என்று கேட்டுக் கேட்டுப் போனோம். பாதித் தூரத்துக்கு மேல் அவர் என் தோளில்தான் தொங்கினார். அந்தப் பெண் அடுப்படியில் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தார். காட்டிலிருந்து புருஷன் வரவில்லை, இன்னும் சாப்பிடவில்லை. உருண்டைகள் கட்டுப் பிரியாமல் சுவர் மாடத்தில் இருந்தன.

“தின்னு பாத்துத்தானே குடுத்தீக?” என்றார்.

“இப்பத்தான் தெரிஞ்சது தாயி. கோழி கூடக் கொத்தாம குழி வெட்டிப் பொதைங்க.” சொல்லிவிட்டு மாட்டுத் தொழுவத்து ஓரத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இளம் டாக்டர் ஒருவர், எதற்காக இதைத் தின்றீர்கள் என்று கேட்டார்.

“விக்கணும்ல.”

“எலிக்குக் குடுத்துப் பாத்திருக்கலாமே?”

“எலி வாயத் தொறந்து சொல்லாதுங்களே டாக்டர்.”

“நீங்களும் சாயங்காலம் வரைக்கும் சொல்லலையே.”

வைத்தியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் போன பிறகு என்னிடம், “மழையில வெயிலே வரல. கிழங்கு பதத்துக்கு வந்திருச்சுன்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னார். அத்தனை வருஷமும் மத்தியானத்தோடு சோதனை முடிந்தது என்று இருந்த மனுஷர். அந்த மத்தியானங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, முகம் சுவர்ப் பக்கமே இருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாள் ஆக ஆகத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. புருவம்கூட மிஞ்சவில்லை. மனைவி தலையணையைத் தட்டிப் போடுவார். கடைக்குப் பூட்டுப் போடச் சொல்லிச் சாவியை வைத்தியர் அவரிடமே கொடுத்துவிட்டார்.

ஒருநாள் நான் பார்க்கப் போனபோது பூக்காட்டுப் பெண் அங்கே இருந்தார். வைத்தியர் மனைவிக்கு ஒரு பந்து மல்லிகை கொடுத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் முழங்காலை நீவிக்கொண்டே உட்கார்ந்தார்.

“நடக்க முடியல. வேற மருந்து எதுவும் இருக்கா?”

வைத்தியர் அவரைப் பார்த்தார். “என்கிட்டயா கேக்குறீக?”

“வேற யாருகிட்டக் கேக்க? வித்ததத் திரும்ப வாங்க வீடு வரைக்கும் யாரு வாரா?”

முடியில்லாத அந்தத் தலை மெதுவாகக் குனிந்தது. வெறும் நல்லெண்ணெய் வெதுவெதுப்பாக்கித் தேய்க்கச் சொன்னார். உள்ளுக்கு எதுவும் வேண்டாம் என்றார்.

அச்சகத்தில் வேலை காத்திருந்தது. ஆனாலும் பார்வையாளர் நேரம் முடிந்து வாட்ச்மேன் எழுப்பும் வரை நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.